மே மாத வெயில், ஆகஸ்ட் புழுக்கம்: ஏசி இன்ஜினியர் போடும் இரண்டு கணக்கு

டெல்லியில் ஜூலை பாதி தாண்டிவிட்டால் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே ரகம்தான். ஆர்.கே.புரத்து மாமி ஒருவர் வருஷம் தவறாமல் கூப்பிடுவார். "ஏம்ப்பா, மே மாசம் அத்தனை வெயில்லயும் 26ல வச்சா ஜில்லுன்னு இருந்துது. இப்ப வெயிலே இல்ல, 20ல வச்சும் கசகசன்னு இருக்கு. கேஸ் போயிடுத்தா?" மயூர் விஹாரில் இருக்கும் நண்பரும் இதையேதான் கேட்பார். மாமி 'கேஸ்' என்பதை அவர் 'ரெஃப்ரிஜரன்ட்' என்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரும்பாலான வீடுகளில் கேஸ் எங்கும் போயிருக்காது. நான் கட்டடங்களுக்கான குளிரூட்டும், சூடேற்றும் அமைப்புகளை வடிவமைப்பவன். சுவரில் மாட்டிய ஏசியைக் கழற்றிச் சுத்தம் செய்வது வேறொருவரின் தொழில், அதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். ஆனால் மாமியின் கேள்விக்குப் பதில் என் தொழிலின் முதல் பாடத்தில் இருக்கிறது. அந்தப் பாடம் பிடிபட்டால் மெக்கானிக்கல் முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாதிக் குழப்பம் தீரும். வீட்டுக்கு ஏசி வாங்கப் போகிறவர்களுக்கும் காசு மிச்சமாகும்.

ஏசி செய்யும் வேலை இரண்டு. காற்றின் வெப்பநிலையைக் குறைப்பது ஒன்று. காற்றில் கலந்திருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியேற்றுவது இன்னொன்று. முதல் வேலையை ரிமோட்டில் எண்ணாகப் பார்க்கிறோம். இரண்டாவது எந்தத் திரையிலும் தெரியாது, பால்கனியில் சொட்டும் டிரெயின் பைப்பில் மட்டும்தான் தெரியும். தெர்மாமீட்டர் காட்டக்கூடிய வெப்பத்தை உணர் வெப்பம் என்கிறோம். தண்ணீர் ஆவியாகும்போது அதற்குள் ஒளிந்துகொள்ளும் வெப்பம் உள்ளுறை வெப்பம். பள்ளிக்கூடத்தில் பனிக்கட்டி உருகும் வரைபடம் போட்டு இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்த அதே சங்கதிதான். அந்த இரண்டு மதிப்பெண் எங்கள் துறையில் பல டன் மெஷினாக வந்து நிற்கும்.

எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரைப் பூஜ்ஜியம் டிகிரியிலிருந்து நூறு டிகிரி வரை கொண்டுபோக ஏறக்குறைய 420 கிலோஜூல் வேண்டும். அதே ஒரு லிட்டர், அறை வெப்பநிலையிலேயே ஆவியாக மாற 2,450 கிலோஜூல் வேண்டும். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. காற்றிலிருக்கும் அந்த ஆவியை மறுபடி தண்ணீராக்க வேண்டுமானால் 2,450 கிலோஜூலையும் நாம் பிடுங்கி வெளியே கொட்டியாக வேண்டும். ஒரு டிகிரிகூட இறங்கியிருக்காது, ஆனால் கரண்ட் செலவாகியிருக்கும்.

பிடுங்குவது எப்படி? ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீரைச் சொம்பில் ஊற்றி வைத்தால் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதேதான். ஏசிக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச்சுருளைக் காயில் (coil) என்போம், அதுதான் அந்தச் சொம்பு. காற்றுக்கு அது சுமக்கும் ஈரத்தைப் பொறுத்து ஒரு பனிநிலை உண்டு. அதைவிடக் குளிர்ந்த பரப்பைத் தொட்டால் ஈரம் நீராகப் படியும். அறைக்குள் 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் வேண்டுமென்றால் அந்தக் காற்றின் பனிநிலை 13 டிகிரி. ஆக, காயில் 13-க்குக் கீழே இருந்தால்தான் பிழியும் வேலை நடக்கும். பெரிய கட்டடங்களில் சில்லர் எனப்படும் தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷினிலிருந்து 7 டிகிரியில் தண்ணீர் அனுப்புவது வழக்கமானதற்குக் காரணம் இதுதான். வெறும் வெப்பநிலையை மட்டும் குறைக்க வேண்டுமென்றால் 15 டிகிரித் தண்ணீரே போதும், சில்லரும் குறைந்த கரண்டில் ஓடும்.

டெல்லிக்கு இரண்டு கோடை

சென்னையில் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பது கஷ்டம். அங்கே வருஷத்தில் பெரும்பகுதி புழுக்கம்தான், ஒப்பிட்டுப் பார்க்க மறுபக்கம் கிடைக்காது. டெல்லி நல்ல பரிசோதனைக்கூடம். மே மாதம் ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வரும் லூ என்ற அனல்காற்றில் துணி காயப் போட்டால் கொடியில் கிளிப் மாட்டி முடிப்பதற்குள் முதல் துணி காய்ந்திருக்கும். ஆகஸ்டில் அதே துணி இரண்டு நாளானாலும் வாடை அடிக்கும்.

எண்ணில் சொல்கிறேன். மே மாதப் பிற்பகல் ஒன்றில் 43 டிகிரி, 15 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ காற்றில் இருக்கும் தண்ணீர் சுமார் 8 கிராம். ஆகஸ்டில் 34 டிகிரி, 70 சதவீதம். இப்போது ஒரு கிலோ காற்றில் 24 கிராம். நமக்கு அறைக்குள் வேண்டியதோ சுமார் 9.5 கிராம். மே மாத வெளிக்காற்று நாம் விரும்பும் அளவைவிடக் கூடக் காய்ந்தது என்பதைக் கவனியுங்கள். அதில் பிழிவதற்கு ஒன்றுமில்லை, வெப்பநிலையை மட்டும் இறக்கினால் போதும். ஆகஸ்டில் ஒவ்வொரு கிலோ காற்றிலிருந்தும் 14, 15 கிராம் தண்ணீரைப் பிழிந்தாக வேண்டும்.

கூலர் மேட்டரும் இதற்குள்தான் அடக்கம். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் டெல்லி வீட்டு ஜன்னலில் தொங்கும் அந்தத் தகரப்பெட்டியை ஏளனமாகப் பார்ப்பார்கள். வெட்டிவேரோ மரச்சீவலோ அடைத்த பக்கங்களில் தண்ணீர் வழியும், நடுவில் ஒரு விசிறி, வேறு எதுவும் கிடையாது. ஆனால் மேலே சொன்ன மே மாதக் காற்றில் ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது தண்ணீரை ஆவியாக்கியே அந்தக் காற்றை இறக்கக்கூடிய எல்லை, சுமார் 22 டிகிரிதான். நல்ல கூலர் 43-லிருந்து அந்த 22 நோக்கி எண்பது சதவீத தூரம் இறக்கிவிடும், அதாவது 26, 27 டிகிரிக் காற்று. கம்ப்ரஸர் இல்லாமல், ஒரு ஃபேனும் சின்ன பம்ப்பும் இழுக்கும் கரண்டில்! ஆகஸ்டில் ஈரக்குமிழே 29. அன்றைக்குக் கூலர் போட்டால் 30 டிகிரியில் ஈரக் கம்பளி போர்த்திக்கொண்ட சுகம் கிடைக்கும். டெல்லிக்காரர்கள் ஜூலையில் கூலரை நிறுத்துவது அனுபவத்தில் கண்டது, நாங்கள் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் ஒரே படத்தில் காட்டும் சைக்ரோமெட்ரிக் சார்ட்டில் கோடு போட்டு அதையேதான் கண்டுபிடிக்கிறோம்.

அந்த சார்ட்டுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் ஊதி, காய்ந்து சுருங்கி, ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிடும் நிறங்கள் இடம் மாறி விழுந்தன. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினியர் வடிவமைத்ததுதான் நவீன ஏர்கண்டிஷனிங்கின் தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. மனிதர்களின் சொகுசுக்காக அது பிறக்கவில்லை, காகிதத்தின் ஈரத்துக்காகப் பிறந்தது. காற்று, வெப்பம், ஈரம் மூன்றுக்குமான கணக்கை அவர் 1911-ல் கட்டுரையாகவே கொடுத்தார். நாங்கள் இன்றைக்கும் அதன் வாரிசுகளைத்தான் மேஜையில் வைத்திருக்கிறோம்.

டன் என்றால் எடை இல்லை

ஒன்றரை டன் ஏசி என்றால் மெஷினின் எடை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெஷின் வராத காலத்தில் குளிர்ச்சியை ஐஸ் கட்டியால்தான் அளந்தார்கள். ஓர் அமெரிக்க டன், அதாவது 2,000 பவுண்டு ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அந்த வேகம்தான் ஒரு டன் குளிர்ச்சி. பழைய வெப்ப அலகான பிடியூவில் மணிக்கு 12,000, நம் கணக்கில் 3.517 கிலோவாட். சென்னை மெரினாவில் இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ், 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்கக் கட்டியதுதானே. அந்த ஐஸ் வியாபாரம் செத்துப் பல தலைமுறை ஆகிவிட்டது, அதன் அளவுகோல் மட்டும் ஷோரூமில் நிற்கிறது. சைட்டில் நாங்கள் இதை டிஆர் (டன் ஆஃப் ரெஃப்ரிஜரேஷன்) என்போம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் போட்டிருக்கும் டன் அளவு, வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி இருக்கும்போது சோதனைக்கூடத்தில் அளந்தது. டெல்லி மே மாதத்தில் வெளியே 44 இருக்கும். மேற்குப் பார்த்த பால்கனியில் அவுட்டோர் யூனிட்டை வைத்து, முன்னால் துணியும் காயப் போட்டால் அது உறிஞ்சுவது 50 டிகிரிக் காற்றாகவும் இருக்கலாம். ஒன்றரை டன்னுக்குக் காசு கொடுத்துவிட்டு அன்றைக்கு நீங்கள் அனுபவிப்பது ஒன்றேகால் டன் என்றால் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

ஐம்பது பேர் உட்காரும் அலுவலகம்

இனி, இந்த வேலை நிஜத்தில் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு கட்டடம் எங்களிடம் வந்தால் முதலில் போடுவது ஹீட் லோடு, அதாவது ஏசி வெளியேற்ற வேண்டிய மொத்த வெப்பத்தின் கணக்கு. இந்தியாவில் பல ஆபீஸ்களில் இதற்கு ஈ-20 ஷீட் என்று ஒன்று புழங்குகிறது, கையால் நிரப்பிய படிவம் பிறகு எக்செலாக மாறியது. இப்போது அதைவிட நல்ல மென்பொருள்கள் எல்லாம் வந்துவிட்டன. புதிதாகச் சேரும் பிள்ளைகளை நான் முதலில் ஷீட்டில்தான் உட்கார வைப்பேன், மென்பொருள் விடையைக் கொடுத்துவிடுகிறது, எதனால் என்று சொல்வதில்லை.

சுவர், கூரை, கண்ணாடி, லைட், கம்ப்யூட்டர், மனிதர்கள், வெளிக்காற்று. இவை ஒவ்வொன்றும் கொண்டுவரும் வெப்பத்தைத் தனித்தனியாக எழுத வேண்டும். மேல்மாடி என்றால் கூரைதான் வில்லன். மே மாத மொட்டைமாடித் தளம் வாங்கிய வெப்பம் உடனே உள்ளே வருவதில்லை, கான்கிரீட் அதை மணிக்கணக்கில் வைத்திருந்து இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கீழே விடும். டெல்லியில் பர்சாத்தி எனப்படும் மொட்டைமாடி அறையில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. '120 சதுர அடிக்கு ஒரு டன்' என்கிற மாதிரியான வாய்க்கணக்குகள் எனக்குப் பிடிக்காததும் இதனால்தான். நடுமாடியில் வடக்குப் பார்த்த அறையும் மேல்மாடியில் மேற்குப் பார்த்த கண்ணாடி அறையும் பரப்பளவில் ஒன்றாக இருக்கலாம், லோடில் இரண்டு மடங்கு வித்தியாசம் வரும்.

மனிதர்களுக்கு வருவோம். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவர் சுமார் 75 வாட் உணர் வெப்பமும் 55 வாட் உள்ளுறை வெப்பமும் விடுகிறார். அந்த 55 வாட் என்பது மணிக்கு 80 கிராம் தண்ணீர், மூச்சாகவும் வியர்வையாகவும். ஐம்பது பேர் என்றால் மணிக்கு நான்கு லிட்டர். கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேர் ஆடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி இடங்களுக்கு அலுவலகக் கணக்கைப் போட்டவன் மாட்டினான்.

இதைவிடப் பெரியது வெளிக்காற்று. ஐம்பது பேர் மூச்சு விட வேண்டும், நபருக்கு நொடிக்கு 8 லிட்டர் வெளிக்காற்று என்று வைத்தால் மொத்தம் நொடிக்கு 400 லிட்டர், எடையில் ஏறக்குறைய 0.45 கிலோ. மே மாதம் இதை 43-லிருந்து 24-க்கு இறக்க சுமார் 8.7 கிலோவாட், அதாவது இரண்டரை டன். ஆகஸ்டில் 34-லிருந்து 24-க்கு இறக்க 4.6 கிலோவாட்தான், பாதியாகிவிட்டது. ஆனால் கிலோவுக்கு 15 கிராம் வீதம் ஈரத்தைப் பிழிய 16.6 கிலோவாட். மொத்தம் 21 கிலோவாட்டுக்கு மேல், ஆறு டன்! வெளியே ஒன்பது டிகிரி குறைந்திருக்கிறது, அதே காற்றுக்கான லோடு இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அந்த ஆறு டன் பிழிந்து போடும் தண்ணீர் மணிக்கு 24 லிட்டர். ஆபீஸ் மூலையில் கவிழ்த்து வைத்திருக்கும் தண்ணீர் கேன் 20 லிட்டர்தான்.

இதைப் பார்த்துவிட்டு ஆகஸ்டுதான் எப்போதும் பெரிய லோடு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆகஸ்டில் மேகம் இருக்கும், கூரையும் கண்ணாடியும் கொண்டுவரும் வெப்பம் குறையும். கண்ணாடிக் கட்டடத்தில் மே ஜெயிக்கலாம், கூட்டம் நிறைந்த அரங்கில் ஆகஸ்டு ஜெயிக்கும். ஆகவே கோடைக்கு ஒன்று, மழைக்காலத்துக்கு ஒன்று என இரண்டு ஷீட் போட வேண்டும். டெல்லிக்குக் குளிர்காலத்துக்கும் ஒன்று உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாமிக்குப் பதில்

ஆர்.கே.புரம் வீட்டில் நடப்பது என்ன? ஆகஸ்டில் வெயில் இல்லை, அறைக்குள் உணர் வெப்பம் குறைவு. ஏசி ஓடத் தொடங்கிச் சீக்கிரமே அறை மாமி வைத்த 20-ஐத் தொட்டுவிடுகிறது, தெர்மோஸ்டாட் திருப்தியாகிவிட்டது. கம்ப்ரஸர் நின்றுவிடும், இன்வெர்ட்டர் ஏசியாக இருந்தால் வேகம் குறைந்து காயில் லேசாகச் சூடேறும். ஈரமோ பாதிகூட வெளியேறியிருக்காது. போதாக்குறைக்கு, கம்ப்ரஸர் நின்றபின் விசிறி மட்டும் ஓடும்போது காயிலில் ஒட்டியிருந்த நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பும். நம் உடம்புக்கு வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி, ஈரக்காற்றில் அது ஆவியாகாது. எண் 20 காட்டும், உடம்பு கசகசக்கும்.

"மாமி, பெட்ரூமுக்கு எத்தனை டன் வாங்கினேள்?"

"ரெண்டு டன். கடைக்காரன் பெரிசா இருந்தா நல்லதுன்னானே."

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை, அதுவும் நடுமாடி. பெரிய மெஷின் வெப்பநிலையை இன்னும் சீக்கிரம் இறக்கி, இன்னும் சீக்கிரம் நின்று, இன்னும் குறைவாக ஈரத்தை எடுக்கும். ஏசி விஷயத்தில் 'பெரிசா இருந்தா நல்லது' என்ற அறிவுரை இருக்கிறதே, ஆகஸ்ட் டெல்லியில் அதற்கு நேர் எதிர்தான் நிஜம். வாங்கியாகிவிட்டது என்றால் இப்போதைக்கு டிரை மோடு போடலாம். விசிறி மெதுவாகச் சுழலும், காற்று காயிலோடு அதிக நேரம் உறவாடும், குளிர்ச்சிக்குக் குறைவாகவும் ஈரத்துக்கு அதிகமாகவும் வேலை நடக்கும். ஜன்னல் இடுக்கை அடைப்பது அதைவிட முக்கியம். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ரூம் ஏசிகள் 24 டிகிரியில் தானாகத் தொடங்கும்படி வந்தாக வேண்டும் என்று விதியிருக்கிறது. ஈரம் சரியாக இறங்கியிருந்தால் அந்த 24-லேயே மின்விசிறியோடு சுகமாகத் தூங்கலாம், ஈரம் இறங்காவிட்டால் 18-ம் போதாது.

சீலிங்கில் ஒழுகிய தண்ணீர்

ஈரம் எங்கிருந்தெல்லாம் வரும் என்பதற்கு ஒரு சம்பவம். ஓக்லா பக்கம் ஓர் அலுவலகம், ஆகஸ்ட் மாதம். ரிசப்ஷன் மேலே ஃபால்ஸ் சீலிங்கில் பழுப்பு நிறத் திட்டுக்கள், குளிர்காற்று இறங்கும் தகர வாயான டிஃப்யூசரின் ஓரத்தில் முத்து முத்தாகத் தண்ணீர், கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. அங்கே ஆபரேட்டராக இருந்தவர் விழுப்புரத்துக்காரர். "டிரெயின் பைப்பை மூணு தடவை ஊதியாச்சு சார். அடைப்பே இல்ல. எல்லாரும் என்னையே பாக்கறாங்க" என்றார் பாவம்.

சொட்டியவை எல்லாம் வாசல் பக்கத்து டிஃப்யூசர்கள். உள்ளே இருந்தவை காய்ந்திருந்தன. டிரெயின் பிரச்சினை என்றால், காயிலும் விசிறியும் இருக்கும் பெரிய பெட்டியான ஏஹெச்யூவின் ரூமுக்குக் கீழே ஒழுக வேண்டும், அங்கேயும் ஒன்றுமில்லை. ரிசப்ஷன் கண்ணாடிக் கதவை விரல்கடை அகலம் திறந்து, பூஜை அலமாரியிலிருந்து ஓர் ஊதுபத்தியை வாங்கிக் கொளுத்திப் பிடித்தோம். புகை கோடு கிழித்தாற்போல உள்ளே ஓடியது. கட்டடம் வெளிக்காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

காரணத்தைத் தேடிப் போனால், புதுப்பிக்கும்போது கழிவறைகளிலும் பேன்ட்ரியிலும் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன்கள் போட்டிருக்கிறார்கள். கரண்ட் மிச்சம் பிடிக்க யாரோ வெளிக்காற்று வரும் வழியிலுள்ள தடுப்புக் கதவை, அதாவது டேம்பரை, மூடி வைத்திருக்கிறார்கள். வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், அது கதவிடுக்கு வழியாக, எந்தக் காயிலையும் தொடாமல் நேராக வந்தது. அந்த ஆகஸ்ட் காற்றின் பனிநிலை 27, 28 டிகிரி. டிஃப்யூசரின் தகரம் 14 டிகிரி. வியர்க்காமல் என்ன செய்யும்? டேம்பரைத் திறந்து, எக்ஸாஸ்டைக் குறைத்து, உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்படி பேலன்ஸ் செய்ததும் சொட்டு நின்றது. கரண்ட் பில் ஏறும் என்று பயந்தார்கள். அதே காற்று திருட்டு வழியாக வந்துகொண்டுதான் இருந்தது, இப்போது காயில் வழியாக வருகிறது.

டிரெயின் பேச்சு வந்ததால் ஒரு சின்ன விஷயம். பெரிய ஏஹெச்யூக்களில் விசிறி காயிலுக்குப் பின்னால் இருந்து உறிஞ்சும், ஆகவே உள்ளே காற்றழுத்தம் குறைவு. டிரெயின் பைப்பில் யூ வடிவ டிராப் வைத்து அதில் தண்ணீர் நிற்கவில்லையென்றால், வெளிக்காற்று பைப் வழியே உள்ளே ஏறி, இறங்க வேண்டிய தண்ணீரைத் தடுத்துவிடும். தட்டு நிரம்பி வழியும். பல லட்ச ரூபாய் ஏஹெச்யூவைச் சில நூறு ரூபாய் பைப் வளைவு தோற்கடிப்பதை டெல்லியில் ஏப்ரலில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், பிழிவதற்கு ஈரமே இராது. மழைக்காலத்தில்தான் வெளிச்சத்துக்கு வரும். ஏப்ரலில் கையெழுத்தாகும் சோதனை அறிக்கைகளை நான் பாதிதான் நம்புவேன்.

பெரிய கட்டடங்களில் ஈரத்துக்குத் தனியாகவே ஏற்பாடு செய்கிறோம். வெளிக்காற்று முழுவதையும் டிஎஃப்ஏ (ட்ரீட்டட் ஃப்ரெஷ் ஏர்) என்ற தனி யூனிட்டில் முதலில் பிழிந்து, காய்ந்த காற்றாக மாடிகளுக்கு அனுப்புவது ஒரு வழி. அதோடு ஒரு சுழல் சக்கரத்தையும் வைப்பார்கள். தேன்கூடு போன்ற அலுமினியச் சக்கரம், மேலே ஈரம் உறிஞ்சும் பூச்சு. வெளியேறும் குளிர்ந்த, காய்ந்த காற்று ஒரு பாதியிலும், உள்ளே வரும் சூடான ஈரக்காற்று மறுபாதியிலும் போகும். சக்கரம் சுழலச் சுழல வருகிற காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் வாங்கிப் போகிற காற்றிடம் கொடுத்துவிடும். நல்ல சக்கரம் எழுபது சதவீதம் வரை மீட்கும். நம் அலுவலகத்தின் ஆறு டன் இரண்டு டன்னுக்குள் வந்துவிடும். டெல்லி மாதிரி ஊரில் இதற்குப் போட்ட காசு வீணாகாது என்பது என் கருத்து. ஃபில்டர் மாற்றாமல் விட்டால் ஒரே சீசனில் தூசி அடைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மற்றபடி இந்த வேலையின் அன்றாடம் அவ்வளவு கவர்ச்சியானதல்ல. பாதி நாள் டிராயிங், மீதி சண்டை. ஆர்க்கிடெக்ட்டுக்கு சீலிங் உயரமாக வேண்டும், எங்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் டக்ட் ஓட இடம் வேண்டும், நடுவில் பீம் வந்து நிற்கும், அதே இடத்தைத் தீயணைப்புக் குழாய்க்காரரும் கேட்பார். கன்சல்டன்ட்டிடம் சேரலாம், கான்ட்ராக்டரிடம் சேரலாம், மெஷின் கம்பெனியில் சேரலாம். என்னைக் கேட்டால் முதலில் சைட்தான். 1981-ல் டெல்லியில் தொடங்கிய, எங்கள் துறை இன்ஜினியர்களின் சங்கமான இஷ்ரேவுக்குப் பல ஊர்களில் கிளைகள் உண்டு, மாணவர்களுக்கும் உறுப்பினராக வழியிருக்கிறது. இந்தி தெரியாதே என்று தயங்க வேண்டாம், டக்ட் அடிக்கும் மிஸ்திரிகளிடம் மூன்று மாதம் இருந்தால் தானாக வரும்.

ஜனவரியில் தலைகீழ்

குளிர்கால ஷீட் பாக்கி இருக்கிறது. ஜனவரி விடியலில் 5 டிகிரி, மூடுபனி, ஈரப்பதம் 95 சதவீதம். ஊர் முழுக்க நனைந்த மாதிரி இருக்கும். ஆனால் ஒரு கிலோ காற்றில் இருக்கும் தண்ணீர் ஐந்து கிராம் சொச்சம்தான், மே மாத லூவில் இருந்ததைவிடவும் குறைவு. குளிர்ந்த காற்றில் அதற்குமேல் ஆவியாக நிற்க முடியாது. அதே காற்றை ஹீட்டர் போட்டு 22 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 31 சதவீதமாக விழும். வெளியே பனிமூட்டம், உள்ளே உதடு வெடிக்கிறது. டெல்லி வீடுகளில் ஹீட்டர் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பது இதனால்தான். அங்கீட்டி எனப்படும் கரியடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் வைத்துவிடாதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

அலுவலகக் கோபுரங்களில் இன்னொரு வேடிக்கை. ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் ஸ்வெட்டரோடு ஹீட்டிங் கேட்பார், நடுவில் உட்கார்ந்திருப்பவர் ஜனவரியிலும் கூலிங் கேட்பார். இருவர் சொல்வதும் சரி. நடுப்பகுதிக்கு வெளிச்சுவரே கிடையாது, அங்கிருக்கும் மனிதர்களும் கம்ப்யூட்டர்களும் விடும் வெப்பம் போக வழியில்லை. ஒரே நேரத்தில் ஒரு மூலையில் சூடும் இன்னொரு மூலையில் குளிரும் கொடுக்கக்கூடிய அமைப்பை டெல்லியில் தேர்ந்தெடுப்பது அதற்காகத்தான்.

வெளியே 12 டிகிரிக் காற்று இலவசமாக இருக்கிறதே, அதையே உள்ளே விட்டு நடுப்பகுதியைக் குளிர்விக்கலாமே என்று புத்திசாலி மாணவர் யாராவது கேட்பார். மற்ற ஊராக இருந்தால் சபாஷ் சொல்லலாம். நவம்பர் முதல் டெல்லிக் காற்றில் புகை. வெளிக்காற்றைக் குறைத்தால் உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறி மதியம் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். கூட்டினால் நுண்தூசி வரும். சாதாரண வலை ஃபில்டர் அந்தத் தூசியைப் பிடிக்காது, நெருக்கமான ஃபில்டர் போட்டால் விசிறிக்குப் பலம் போதாது. ஆகவே விசிறியைத் தேர்ந்தெடுக்கும்போதே நவம்பரை மனதில் வைக்க வேண்டும். வீட்டிலிருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதே இல்லை, அறைக்காற்றைத்தான் சுற்றவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இதையெல்லாம் கையால் தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி. சாதாரண தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள், காய்ச்சல் பார்ப்பது வேண்டாம், அறை வெப்பநிலை காட்டுவது. ஒன்றின் குமிழில் சுத்தமான பருத்தித் துணியைச் சுற்றி நல்ல தண்ணீரில் நனையுங்கள். இரண்டையும் நிழலில், ஜன்னலுக்கு வெளியே, ஒரு டேபிள் ஃபேன் முன்னால் ஐந்து நிமிடம் வையுங்கள். நனைந்தது காட்டுவதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. இரண்டுக்கும் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்குக் கூலரே போதும், ஏசியைத் தொடாதீர்கள். ஐந்தாறு டிகிரிதான் என்றால் கூலரில் தண்ணீர் ஊற்றுவது வீண். இடையில் எங்காவது நின்றால், டெல்லியில் அது ஜூன் கடைசி வாரமாக இருக்கும், அன்றைக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் வேலை செய்யும்.